தவளக்குப்பத்துக் கத்தி

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் பாதி, கதாநாயகியின் கதி என்ன ஆகும் என்று கேட்டு வருபவை. மீதியில் பெரும்பகுதி, ஊர்ப் பெயரிலும் மன்னர் பெயரிலும் ஆண்டுக் கணக்கிலும் தப்புக் கண்டுபிடித்து வருபவை. இந்த இரண்டாவது வகைக்கு நான் பழகிப் போனவன். கல்வெட்டுப் புத்தகத்தைப் புரட்டி, சரியானால் ஒப்புக் கொண்டும், தவறானால் மறுத்தும் பதில் எழுதிவிடுவேன். ஆனால் இரண்டு வருஷங்களுக்கு முன்பு வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத எந்தப் புத்தகமும் கை கொடுக்கவில்லை.

அப்போது வாரப் பத்திரிகை ஒன்றில் சோழர் காலத்துத் தொடர்கதை எழுதிக் கொண்டிருந்தேன். அதில் ஓர் அத்தியாயம். வயது முதிர்ந்த கொல்லன் ஒருவன், மாதக் கணக்கில் ஊண் உறக்கம் பாராமல், ஓர் இரும்புப் பாளத்தை நூறு மடிப்பு மடித்து அடித்து, பாம்புச் சட்டையைப் போல் வரி ஓடும் வாள் ஒன்றைச் செய்து இளவரசனிடம் கொடுக்கிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அந்த அத்தியாயத்தைப் பாராட்டிப் பலர் எழுதினார்கள். தவளக்குப்பத்திலிருந்து வந்த கடிதம் மட்டும் பாராட்டவில்லை.

"நான் ஐம்பது வருஷமாகக் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். என் பேத்தி உங்கள் கதையை எனக்குப் படித்துக் காட்டுகிறாள். நூறு மடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மடிப்புக்கு இரண்டு, இரண்டு மடிப்புக்கு நாலு என்று பேத்தி கணக்குப் போட்டாள். இருபது மடிப்பிலேயே பத்து லட்சம் தாண்டிவிட்டது. அதற்குமேல் கணக்குப் போட அவள் மறுத்துவிட்டாள். நீங்கள் எப்போதாவது ஒரு மடிப்பாவது மடித்துப் பார்த்ததுண்டா?"

கையெழுத்து பேத்தியுடையது. கேள்வி தாத்தாவுடையது.

இல்லை, நான் மடித்துப் பார்த்ததில்லை. ஜப்பானிய வாளைப் பற்றி எப்போதோ படித்ததும், ஏதோ ஒரு திரைப்படத்தில் பார்த்ததும் சேர்ந்து என் மனத்தில் அந்தக் கொல்லனாக உட்கார்ந்திருந்தன. ஜப்பானியக் கொல்லர்களே பத்துப் பதினைந்து மடிப்போடு நிறுத்திக் கொள்கிறார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்து கொண்டேன். ஒரே ஓர் ஆறுதல். இந்த விஷயத்தில் கை வைத்த முதல் நாவலாசிரியன் நானல்ல. 1825-ல் வெளிவந்த 'தாலிஸ்மன்' என்ற நாவலில் ஸர் வால்டர் ஸ்காட், சலாதீனின் வளைந்த வாள் பட்டுத் தலையணையையும், பிறகு ஒரு மெல்லிய முகத்திரையையும் அந்தரத்தில் வைத்துத் துண்டிப்பதாக எழுதினார். அன்று முதல் டமாஸ்கஸ் வாள் என்றால் மேல்நாட்டு வாசகர்களுக்கு அந்தக் காட்சிதான். அவரும் பட்டறைக்குப் போய் எழுதியதாகத் தெரியவில்லை.

நான் போவதென்று தீர்மானித்தேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், அரியாங்குப்பத்தைக் கடந்து, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டினால் சற்றுத் தூரத்தில் தவளக்குப்பம். மேற்கே போனால் பாகூர்ப் பக்கத்து நெல் வயல்கள். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். கதிர் அறுக்கும் அரிவாளும், மீன் வெட்டும் கத்தியும், தென்னை மரத்துக்குக் கொடுவாக் கத்தியும் வேண்டியிருந்த காலத்தில் ஒரு பட்டறைக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. இப்போது அறுவடைக்கு யந்திரம் வந்துவிட்டது. கத்தியைக் கடையில் பிளாஸ்டிக் பிடியோடு வாங்குகிறார்கள். இருந்தாலும் கீற்றுக் கொட்டகைக்குள் உலை எரிந்து கொண்டுதான் இருந்தது.

ஆசாரியாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த சரீரம். கைகள் மட்டும் வேறு யாருடையவையோ போலப் பருத்திருந்தன.

"வாங்க சார், உக்காருங்க. கதை எழுதறவர்னதும் நல்லா வயசானவரா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"தப்பு எழுதிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள்..."

"நான் தப்புன்னு எழுதலியே. மடிச்சுப் பாத்ததுண்டான்னுதான் கேட்டேன். வாங்க, மடிச்சுப் பாத்துடுவோம்."

இப்படித்தான் எங்கள் பரிசோதனை ஆரம்பமாயிற்று.

இரும்பில் வரி விழவேண்டுமானால் இரண்டு வகை இரும்பு வேண்டும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம். எந்த இரண்டு வகை என்பது ஆசாரியாருக்குக் கையில் தெரிந்த விஷயம். லாரியின் வில் பட்டையில் நான்கு துண்டும், மரம் அறுக்கும் ஆலையில் கழித்துப் போட்ட நாடா ரம்பத்தில் மூன்று துண்டும் வெட்டி எடுத்தார். ரம்பப் பட்டை எளிதில் கறுக்காது என்பது அவர் அநுபவம். அப்படிப்பட்ட ரம்பங்களில் நிக்கல் கலந்திருப்பதுண்டு என்பதும், நிக்கல் உள்ள இரும்பு அமிலத்தில் கறுக்காமல் வெளுப்பாகவே நிற்கும் என்பதும் ரசாயனம். இரண்டும் ஒன்றேதான், பாஷைதான் வேறு.

ஏழு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக, மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டுக் கம்பியால் கட்டினோம். சவுக்குக் கரி உலையில் வைத்து, செக்கச் சிவந்ததும் வெளியே எடுத்து வெண்காரப் பொடியைத் தூவினார். பொடி பொங்கி, உருகி, கண்ணாடிக் குழம்பைப் போல இடுக்குகளில் இறங்கிற்று. பழுத்த இரும்பின்மேல் காற்றுப் பட்டால் உடனே கறுப்புச் செதிள் படியும். செதிள் இருக்கிற இடத்தில் இரும்பு இரும்போடு ஒட்டாது. வெண்காரத்தின் வேலை அந்தச் செதிளைக் கரைத்து வெளியேற்றுவதுதான். தம் தகப்பனார் காலத்தில் வெண்காரத்துக்குப் பதில் பொடி மணலையே தூவுவார்கள் என்றார் ஆசாரியார்.

மறுபடி உலை. இம்முறை சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து, மேற்பரப்பு வெண்ணெய் தடவியது போல் மினுங்கத் தொடங்கியது. "இப்ப!" என்று குறட்டால் எடுத்துப் பட்டறைக்கல்லின்மேல் வைத்தார். சம்மட்டி என் கையில். ஓங்கி அடிக்கப் போனேன்.

"மெதுவா சார், மெதுவா! ஒட்டற அடி வேற, நீட்டற அடி வேற."

ஒட்டுகிற அடி, தட்டிக் கொடுப்பது போல இருக்க வேண்டுமாம். எனக்கு அது பிடிபடுவதற்குள் சூடு இறங்கிவிட்டது. மூன்று முறை காய்ச்சி அடித்த பிறகு பாளம் ஒன்றானது போலத்தான் தோன்றிற்று. நீட்டினோம். நடுவே உளியால் வெட்டி மடிக்க ஆரம்பித்ததும், வாழைத்தண்டின் மடல்கள் கழன்று வருவதைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்து கொண்டது. என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள். அன்றைய லாபம் அவ்வளவுதான்.

"நூறு மடிப்பு!" என்று பேத்தி மெல்லச் சிரித்தாள்.

தப்பு எங்கே என்று மறுவாரம் தெரிந்தது. ரம்பத்திலும் பட்டையிலும் இருந்த பழைய துருவை நாங்கள் சரியாகப் போக்கவில்லை. இரண்டாம் முறை ஒவ்வொரு துண்டையும் வெள்ளிபோல் ஆகும் வரை தேய்த்துவிட்டே அடுக்கினோம். ஒட்டியது. ஏழு, பதினான்காயிற்று. பதினான்கு இருபத்தெட்டாயிற்று. மூன்றாம் மடிப்பில் ஐம்பத்தாறு. அதோடு ஆசாரியார் நிறுத்திக் கொண்டார். ஒவ்வொரு சூட்டிலும் இரும்பு கொஞ்சம் செதிளாக உதிர்ந்து போகிறது. உள்ளே இருக்கிற கரியும் கொஞ்சம் எரிந்து போகிறது. மடிப்பு கூடக்கூட வரிகள் நூலாகி, மயிராகி, கடைசியில் ஒன்றோடொன்று கலந்து ஒன்றுமே தெரியாமல் போய்விடும். என் கதையில் வந்த வாள் நூறு மடிப்புக்குப் பிறகு இளவரசன் கைக்குப் போயிருந்தால், அதில் ஒரு வரியும் இருந்திராது. வாள் என்று ஒன்று மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

பாளத்தை ஆறங்குலக் கத்தியாக அடித்து, அரம் போட்டு, எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினார். அப்போதும் அது சாதாரணக் கத்திதான். ரேடியோ பழுது பார்க்கிற கடைகளில் கிடைக்கும் பெர்ரிக் குளோரைடை நீரில் கரைத்து, அதில் சற்று நேரம் முக்கி எடுத்துக் கழுவினோம். ஆற்றில் காற்று வீசும்போது நீரின்மேல் ஓடும் சிற்றலைகளைப் போல, கறுப்பும் வெளுப்புமாக வரிகள் தெரிந்தன. எனக்குப் பிள்ளை பிறந்தது போன்ற சந்தோஷம்.

"பார்த்தீர்களா! நூறு மடிப்பு என்றது தப்பாக இருக்கலாம். ஆனால் மடிப்பு என்றது சரிதானே?" என்றேன்.

ஆசாரியார் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அழகாத்தான் இருக்கு. ஆனா சார், இது ரெண்டு இரும்பை ஒட்டுன வேலை. உங்க கதையில அந்தக் கெழவன் கிட்ட ஒரே பாளந்தானே இருந்தது? ஒரே இரும்புல வரி எங்கேருந்து வரும்? அப்புறம் இன்னொண்ணு. எங்கப்பா காலத்துல அரிவாளுக்கு வாயில உருக்கு வெப்பாங்க. அதுக்குப் பேரு உருக்கு. உருக்குனதாலதானே உருக்கு? மடிச்சதுன்னா மடிப்புன்னுல்ல பேரு வெச்சிருப்பாங்க?"

சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் நான். 'உருக்கு' என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்! 'உருக்கு போன்ற உள்ளம்' என்று ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பே கொடுத்திருக்கிறேன். அதற்குள் 'உருகு' என்பது உட்கார்ந்து கொண்டிருப்பதை ஒருநாளும் கேட்டதில்லை. அதைக் கேட்டுச் சொல்ல ஒரு கொல்லர் வேண்டியிருந்தது.

அன்றிரவு ஊர் திரும்பியதும் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க வெட்கமும் வியப்பும் மாறி மாறி வந்தன.

டமாஸ்கஸ் எஃகு என்று உலகம் அழைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாங்கள் செய்தது. வேறுவேறு இரும்புகளை அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடிப்பது. வட ஐரோப்பியக் கடலோடிகளின் வாள்களிலும், ஜாவாத் தீவின் கிரிஸ் என்ற குத்துவாளிலும் இருப்பது இந்த வகை. மொகலாய பாதுஷா ஜஹாங்கீர் 1621-ல் ஜலந்தர் அருகே விழுந்த விண்கல் இரும்பைக் கத்தியாக்கச் சொன்னபோது, உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரும் இரண்டு இரும்பைச் சேர்க்கும் யுக்தியைத்தான் கையாண்டார். தனி விண்கல் இரும்பு சம்மட்டிக்கு நிற்காமல் உடைந்தது. மூன்று பங்கு அதுவும் ஒரு பங்கு சாதாரண இரும்புமாகச் சேர்த்த பிறகே வழிக்கு வந்தது. அதில் செய்த கத்தி ஒன்று இன்றும் வாஷிங்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

மற்றொரு வகைதான் மேல்நாட்டாரை நூற்றாண்டுக் கணக்கில் தூங்கவிடாமல் அடித்தது. அதில் ஒட்டும் இல்லை, மடிப்பும் இல்லை. மூசையில் உருக்கிய ஒரே எஃகுக் கட்டி. அதை அடித்து நீட்டினால் வரி தானாகவே உள்ளிருந்து எழும்பி வருகிறது. அந்தக் கட்டி டமாஸ்கஸ் நகரத்தில் உண்டானதல்ல. பெரும்பாலும் நம் தென்னாட்டிலும் இலங்கையிலும் உண்டானது. அரபு மொழியில் சிறந்த வாளுக்கு 'முஹன்னத்' என்று ஒரு பெயர். இந்திய வாள் என்பதே அதன் பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல் இத்ரீஸி என்ற புவியியலார், கூர்மையில் இந்திய எஃகுக்கு மிஞ்சியது இல்லை என்று எழுதினார். அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடற்பயண நூல், இந்திய இரும்பும் எஃகும் மேற்குக் கரையிலிருந்து செங்கடல் துறைகளுக்குப் போனதைச் சொல்கிறது. அதே நூல் நம் கிழக்குக் கரையில் 'பொதுகே' என்ற துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டி ரோமாபுரி மட்பாண்டங்களை எடுத்த பிறகு, அந்தப் பொதுகே இதுவே என்று அறிஞர் பலர் கொண்டார்கள். ஆசாரியார் பட்டறையிலிருந்து அரிக்கமேடு கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் சைக்கிள் தூரம்தான்.

உருக்கிய விதத்தையும் சொல்கிறேன். சென்னை ராஜதானியில் கம்பெனி உத்தியோகஸ்தராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், 1830-ஐ ஒட்டி நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். நாட்டுக் கொல்லர்கள் உருக்குச் செய்வதை அவர் விவரமாகக் குறித்து வைத்தார். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சியோடு களிமண் மூசையில் வைப்பார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபது இருபத்துநாலு மூசைகளைச் சேர்த்து உலையில் அடுக்கிக் கரியால் மூடி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். அடைத்த மூசைக்குள் ஆவாரையும் எருக்கும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் புகும். கரி புகப்புக இரும்பு குறைந்த சூட்டிலேயே உருகும். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே ஒரு ராத்தல் அளவு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஓர் உருக்குக் கட்டி. மேற்பரப்பில் கதிர்போல வரிகள் ஓடினால் நன்றாக உருகியது என்று பொருள். தேன் கூடுபோல் பொத்தலாக இருந்தால் பழுது.

தமது நாட்டில் அண்மையில் இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியே உரிமை பெற்ற இரண்டு முறைகள், இந்த எளிய மூசைக்குள் ஒன்றாய் அடங்கியிருப்பதைக் கண்டு ஹீத் அதிசயித்தார். அவர் கதையும் பரிதாபமானதுதான். பிற்பாடு ஷெபீல்டு சென்று, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் உரிமை பெற்றார். ஊரெல்லாம் அதைப் பயன்படுத்திக் கொண்டு பணம் தர மறுத்தது. வழக்காடியே செல்வத்தை இழந்து மாண்டார்.

கன்னடத்தில் உருக்குக்கு 'உக்கு' என்பார்கள். அது எப்படியோ திரிந்து 'வூட்ஸ்' ஆகி ஆங்கிலத்தில் ஏறிற்று. 1794-ல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் என்பவர் சில கட்டிகளை லண்டன் ராயல் சொஸைட்டிக்கு அனுப்பினார். மறுவருஷமே ஜார்ஜ் பியர்ஸன் அதை ஆராய்ந்து கட்டுரை படித்தார். அன்று பிடித்த பைத்தியம் ஐரோப்பா முழுவதும் பரவியது. மின்சாரத்துக்குப் பெயர் போன மைக்கேல் பாரடே, ஜேம்ஸ் ஸ்டொடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து 1819 முதல் இதே ஆராய்ச்சியில் இறங்கினார். பாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதை இங்கே நினைவு கொள்ள வேண்டும். வரிக்குக் காரணம் அலுமினியம் என்று அவர் நினைத்தார், அது சரியல்ல. பாரிஸ் நாணயசாலையில் இருந்த பிரேயான், அளவுக்கு மிஞ்சிய கரியும் மெதுவாக ஆறுவதுமே காரணம் என்று கண்டார். ருஷ்யாவில் அனோஸவ் என்பவர் பல ஆண்டு பாடுபட்டு 1841-ல் நூலே எழுதினார்.

கட்டி கையில் இருந்தும் ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் தோற்றதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் பழக்கப்படி வெண்மையாகப் பழுக்கக் காய்ச்சி அடித்தார்கள். வூட்ஸ், வெல்லக் கட்டி போல உதிர்ந்து போயிற்று. நம் இரும்பில் கரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. லாரிப் பட்டையில் இருப்பதைப் போல இரு மடங்குக்கும் மேல். அதைச் செந்நிறத்துக்கு மேல் போகவிடாமல், பொறுமையாக, பல சூடு கொடுத்து அடிக்க வேண்டும். 'ஒட்டற அடி வேற, நீட்டற அடி வேற' என்ற குரல் அந்த ஐரோப்பியர்களின் பட்டறையில் ஒலிக்கவில்லை.

வரியின் ரகசியம் வெளிப்பட்டது நம் காலத்தில்தான். அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும், குதிரைக்கு லாடம் அடித்துக் கத்தியும் செய்து வந்த ஆல்பிரட் பெண்ட்ரே என்பவரும் சேர்ந்து, ஆண்டுக் கணக்கில் மூசை வைத்து உருக்கி, அடித்து, தோற்று, மறுபடி உருக்கினார்கள். 1998-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: இரும்புத் தாதுவில் வனேடியம் போன்ற பொருள் லட்சத்தில் சில பங்கு, இருக்கிறதோ இல்லையோ என்னும் அளவுக்குக் கலந்திருக்கிறது. கட்டி உறையும்போது அது வரிசை வரிசையாக ஒதுங்குகிறது. பிறகு காய்ச்சிக் காய்ச்சி அடிக்கும்போது, எஃகில் மிஞ்சிய கரி கடினமான துகள்களாகி அந்த வரிசைகளிலேயே வந்து உட்காருகிறது. முதல் சில சூட்டில் ஒன்றும் தெரியாது; பல சூட்டுக்குப் பிறகே வரி தெளிகிறது. வனேடியம் இல்லாத தாதுவைப் போட்டு அதே கொல்லன் அதேபோல் அடித்தாலும் வரி வராது. 2006-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பழைய வாள் ஒன்றில் கண்ணுக்கெட்டாத கரிக் குழாய்களையும் கண்டு உலகத்தை வியக்க வைத்தார்கள்.

இது ஏன் மறைந்தது? பழைய தாது தீர்ந்து போய் வேறு தாது வந்ததால் வரி வராமல் கொல்லர்கள் கைவிட்டிருக்கலாம் என்கிறார் வெர்ஹோவன். வேறு காரணங்களும் சேர்ந்தன. 1856-ல் பெஸ்ஸமர் முறை வந்தபின் சீமை எஃகு மலிவாக வந்து குவிந்தது. கரிக்கு மரம் வெட்டக் காட்டுச் சட்டம் தடுத்தது. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. வாள் வேண்டாத நாட்டில் வாளுக்கு உருக்கு எதற்கு?

ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. நம்மிடம் இதைப் பற்றி எழுதி வைத்தவர்களின் பெயரை எண்ணிப் பாருங்கள். ஹீத், புகானன், வாய்ஸி. எல்லாரும் வெள்ளைக்காரர்கள். சங்கப் புலவர்கள் வேலையும் வாளையும் கொல்லன் உலையையும் நிறையப் பாடினார்கள். உலைக்குள் என்ன வைத்தான் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பழைய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் உருக்கு மூசைகள் உடைந்து கிடந்ததை சாரதா ஸ்ரீநிவாசன் கண்டறிந்து 1994-ல் எழுதினார். 2025 ஜனவரியில் வெளியான தமிழக அரசின் ஆய்வறிக்கை, சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டு போயிருக்கிறது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஐயாயிரம் ஆண்டுப் பெருமை பேசுகிற நாம், பக்கத்துத் தெருப் பட்டறையில் ஒரு நாழிகை நின்று பார்த்திருப்போமா? பேராசிரியரும் லாடக்காரரும் ஓர் உலையைச் சுற்றி உட்கார்ந்ததால்தான் அங்கே ரகசியம் பிடிபட்டது. இங்கே எழுதுகோல் பிடித்தவன் ஒரு தெருவில் இருந்தான். சம்மட்டி பிடித்தவன் வேறொரு தெருவில் இருந்தான். இதை யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. நூறு மடிப்பு எழுதியவன் நான்தான்.

தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். மடிப்புகள் போயின. கிழவன் ஆவாரங்குச்சி நறுக்குகிறான். அவன் மருமகள் எருக்கிலை பறித்து வருகிறாள். அரைத் தேங்காய் அளவு கட்டியைச் செந்நிறம் தாண்டாமல் நாட்கணக்கில் அடிக்கிறான். கடைசியில் அன்னபேதி கரைத்த நீரைப் பூச, வரி எழும்புகிறது. வாசகர்களைப் பழைய அத்தியாயம் அழ வைத்த மாதிரி இது அழ வைக்கவில்லை என்று பதிப்பாளர் குறைப்பட்டுக் கொண்டார்.

புத்தகத்தோடு தவளக்குப்பம் போனேன். பேத்தி படிக்க, ஆசாரியார் கண்ணை மூடிக் கொண்டு கேட்டார். முடிந்ததும் சிறிது நேரம் பேசவில்லை. நான் பரீட்சை எழுதிய பையனைப் போலக் காத்திருந்தேன்.

"ஆவாரை நம்ம பக்கமே கெடைக்கும்" என்றார். "எருக்குக்குப் பஞ்சமே இல்ல. மூசைக்கு எந்த மண்ணு சார் போட்டாங்க? சாதா மண்ணு அந்தச் சூட்டுக்கு நிக்காதே."

உமியைக் கலந்து பிசைந்திருக்கிறார்கள் என்று படித்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கொண்டார். அடுத்த முறை வருவதற்குள் மேல்சிறுவலூர்ப் பக்கம் போய், அங்கே மண் எப்படி இருக்கிறதென்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறார். போகப் போகிறேன்.

நாங்கள் செய்த கத்தி எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. வாழைக்காய் நறுக்கி நறுக்கி அதன் கறுப்பு வரிகள் இன்னும் கறுத்துவிட்டன. ஐம்பத்தாறு அடுக்கு. அதற்கு மேல் ஒன்றுமில்லை.